அன்றாட உணவிற் சீனியைக் குறைத்தலும் கித்துள் மரத்தைப் பேணுதலும்

சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலைத் தோட்டங்களையும் இறப்பர்த் தோட்டங்களையும் அடுத்து நெல்லும் காய்கறியும் பயிரிட்டு வாழும் குடும்பங்கள் பல. இக்குடும்பங்களின் கடைக் கணக்கை எடுத்துப் பார்த்தால், அரிசி, கோதுமை மா, தேங்காய் ஆகியவற்றிற்கு அடுத்தபடியாகத் தவறாது இடம்பெறும் பொருள் சீனி ஆகும். வயலில் விளையாததும், தோட்டத்திற் காய்க்காததும், காசு கொடுத்தே வாங்க வேண்டியதுமான இப்பொருள் எவ்வளவு தேவை, எவ்வளவு மிகை என்பதை ஒவ்வொரு கமக்காரரும் எண்ணிப் பார்த்தல் நன்று. அதற்கு வேண்டிய விவரங்கள் இத்துண்டுப் பிரசுரத்திற் கூறப்படுகின்றன.

சீனி வந்த வழி

மலைநாட்டுத் தோட்டங்களில் முதலிற் பயிரிடப்பட்டது கோப்பி. 1869ஆம் ஆண்டிற் காணப்பட்ட இலைநோய் அப்பயிரை அழித்தது. அதன் பின் தேயிலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பரும் பரவின. தென்னிந்தியாவிலிருந்து தொழிலுக்கு வந்த மக்கள் தம் ஊரிற் கருப்பட்டியையும் வெல்லத்தையும் அறிந்தவர்கள். இங்கு அயற் கிராமத்துச் சிங்கள மக்களோ கித்துள் கருப்பட்டியை ஒரு கையில் வைத்துக் கடித்துக்கொண்டு, இனிப்பிடாத தேநீரைப் பருகும் வழக்கம் உடையவர்கள். இரு சாராரின் வழக்கத்திலும் இனிப்பு என்பது சிறு துண்டாய், அளவோடு இருந்தது. சீனி மலிந்து, தேநீர்க் குவளையிற் கரண்டியால் இட்டுக் கலக்கும் பழக்கம் வேரூன்றிய பின்னரே அளவு மறைந்தது. நாவிற் கடிக்கும் துண்டு கண்ணுக்குத் தெரியும். குவளையிற் கரைந்த சீனி கண்ணுக்குத் தெரியாது.

1974ஆம் ஆண்டில் உலகச் சந்தையிற் சீனி விலை பன்மடங்கு உயர்ந்தது. இலங்கையில் உணவுத் தட்டுப்பாடு நிலவிய காலமும் அதுவே. தோட்டப்புறங்கள் அத்தட்டுப்பாட்டாற் பெரிதும் வருந்தின. பிற நாட்டிலிருந்து வரும் ஒரு பொருளை நாள்தோறும் நம்பியிருத்தல் எத்தகைய இடரைத் தரும் என்பதற்கு அக்காலம் சான்றாகும். பெல்வத்தை, செவனகலை முதலிய இடங்களிற் கரும்பாலைகள் உள்ளனவெனினும், நாட்டின் சீனித் தேவையிற் பெரும்பகுதி இன்றும் இறக்குமதியாலேயே நிறைவேறுகின்றது.

வெண்சீனி என்பது யாது?

கரும்பைப் பிழிந்தெடுத்த சாறு சுண்ணாம்பிட்டுத் தெளிய வைக்கப்படும். பின் அது காய்ச்சி இறுகச் செய்யப்பட்டு மணியாக்கப்படும். சுழலும் பொறியில் இட்டு, மணிகளைச் சூழ்ந்துள்ள கரும்பாகு பிரிக்கப்படும். மேலும் சுத்திகரித்தால் வெண்ணிறச் சீனி கிடைக்கும். சாற்றில் இருந்த உப்புச் சத்துக்களிற் பெரும்பகுதி கரும்பாகுடன் நீங்கிவிடுகின்றது. எஞ்சுவது இனிப்புப் பொருள் மாத்திரமே. ஒரு கிராம் சீனி உடலுக்கு நான்கு கலோரி வெப்பத்தைத் தரும். வேறு எந்தச் சத்தையும் தராது.

சீனி உடலிற் செய்வது

சீனி வயிற்றிற் சென்றதும் விரைவிற் சீரணமாகி இரத்தத்தில் வெல்லமாய்ச் சேர்கின்றது. அதனை அடக்குதற்குக் கணையம் இன்சுலின் என்னும் நீரைச் சுரக்கின்றது. உடல் செலவிடாத மிகை கொழுப்பாய்ச் சேர்கின்றது. மிகையான உணவும் உடற்பருமனும் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் இன்சுலின் தன் வேலையைச் செவ்வனே செய்ய இயலாது போகும். இவ்வாறு நீரிழிவு நோய் தோன்றுகின்றது. சீனி ஒன்றே இதற்குக் காரணம் அன்று; பரம்பரையும், வயதும், உடலுழைப்புக் குறைவும், மிகையான மாவுணவும் சேர்ந்தே காரணமாகும். ஆயினும் நம் கையாற் குறைக்கத்தக்க காரணங்களிற் சீனி எளிதானது.

2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட ஆய்வில், இருபது வயதிற்கு மேற்பட்டோரிற் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது காணப்பட்டது. அதன் பின் இந்நோய் பெருகியதேயன்றிக் குறையவில்லை. இது பட்டணத்தாரின் நோய் என்று எண்ணியிருத்தல் பிழை. வெறுங்காலுடன் சேற்றிலும் வரப்பிலும் நடக்கும் கமக்காரருக்கு நீரிழிவு வந்தால், காலில் உணர்ச்சி குன்றும். முள் குத்தியதும் அட்டை கடித்ததும் தெரியாது. சிறு புண் ஆறாது பெருகும். காலை இழந்தவர் கமத்தையும் இழப்பார். ஆதலின் இது வயலோடு தொடர்புடைய செய்தியே ஆகும்.

பற்களின் கேட்டையும் மறத்தலாகாது. வாயில் வாழும் நுண்ணுயிர்கள் சீனியைப் புளிப்பாக மாற்றுகின்றன. அப்புளிப்புப் பல்லை அரிக்கின்றது. ஒரே முறை மிகுதியாய் உண்பதிலும், நாள் முழுதும் அடிக்கடி சிறிது சிறிதாய் உண்பதே பல்லுக்குக் கூடுதலான கேடு தரும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

தேக்கரண்டி ஒன்று மட்டமாய்ச் சீனி ஏறத்தாழ நான்கு கிராம் நிறையுடையது. ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து குவளைத் தேநீர் பருகி, குவளைக்கு இரண்டு கரண்டி இடுவாராயின், அவர் உண்பது 40 கிராம். வளர்ந்தோர் நால்வர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு 160 கிராம். முப்பது நாட்களுக்கு 4 கிலோ 800 கிராம். கரண்டியைக் குவித்து இடுவோர் வீட்டில் இது இன்னும் கூடும்.

உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டல் கூறுவது யாதெனில், ஒருவர் உண்ணும் உணவின் மொத்தக் கலோரியில், சேர்க்கப்பட்ட இனிப்பிலிருந்து வருவது பத்தில் ஒரு பங்கிற்குக் குறைவாக இருத்தல் வேண்டும். இருபதில் ஒரு பங்கிற்குக் குறைந்தால் இன்னும் நன்று. 2,000 கலோரி உண்பவருக்கு முன்னையது 50 கிராம். பின்னையது 25 கிராம், அதாவது ஆறு கரண்டி. மேற்கூறிய தேநீர் ஐந்து குவளையிலேயே இவ்வளவு நெருங்கிவிடுகின்றது. பிஸ்கற்று, பணிஸ், பானம் ஆகியவற்றின் சீனி இதில் அடங்கவில்லை.

குவளைக்கு ஒரு கரண்டியை மாத்திரம் குறைத்தால், அதே வீட்டில் மாதந்தோறும் 2 கிலோ 400 கிராம் சீனி மிஞ்சும். அதன் விலையை அன்றைய கடை விலையிற் கணக்கிட்டு, அப்பணத்திற்குப் பயறும் கருவாடும் முட்டையும் எவ்வளவு வாங்கலாம் என்று பார்க்க வேண்டும்.

“உழைப்பவர்க்குச் சீனி வேண்டுமே” என்பார்க்கு

கொழுந்து பறிப்போரும், பால்வெட்டுவோரும், மண்வெட்டி பிடிப்போரும் கூறும் நியாயம் ஒன்று உண்டு. காலை முதல் உழைக்கும் உடலுக்குச் சீனித் தேநீரே பலம் தருகின்றது என்பதே அது. களைத்த வேளையில் சீனி விரைவில் ஊக்கம் தருவது உண்மையே. ஆயின் அவ்வூக்கம் விரைவிலேயே அடங்கும். பசியும் சோர்வும் மீண்டும் வரும். மீண்டும் ஒரு குவளை வேண்டியதாகும். குரக்கன், கைக்குத்தரிசி, பயறு, கடலை, வற்றாளங் கிழங்கு ஆகியன மெல்லச் சீரணித்து நெடுநேரம் பலம் தருவன. வெறும் தேநீருடன் வேலைக்குப் புறப்படுவதை விடுத்து, காலையில் ஒரு பிடி அவித்த பயறோ கடலையோ உண்டு செல்லுதல் உழைப்போர்க்கு ஏற்றது.

தேநீரை உணவோடு சேர்த்துப் பருகினால், உணவிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேர்வது குறையும் என்பதும் அறியத்தக்கது. இரத்தச் சோகை உடைய பெண்களும் கருவுற்ற தாய்மாரும் உணவிற்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுதல் வேண்டும்.

மறைந்து வரும் சீனி

கடையில் விற்கும் மென்பானங்களில் உள்ள சீனியை மக்கள் கணக்கில் எடுப்பதில்லை. 100 மில்லிலீற்றரில் 11 கிராம் சீனி கொண்ட பானத்தை 400 மில்லிலீற்றர் பருகினால், 44 கிராம் சீனி, அஃதாவது பதினொரு கரண்டி, ஒரே மூச்சில் உட்செல்லும். இதனை மக்கள் உணர்தற்காக இலங்கையில் 2016 ஆகஸ்ட் முதலாந் திகதி முதல் இத்தகைய பானங்களின் போத்தல்களில் நிற அடையாளம் இடும் ஒழுங்கு நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள். 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. எழுத்து அறியாதவரும் நிறத்தை அறிவர். பிள்ளைகளுக்கும் இதனைக் கற்பித்தல் வேண்டும்.

தகரத்தில் அடைத்த இனிப்புப் பாலிலும், பிஸ்கற்றிலும், ஜாமிலும், கேக்கிலும் சீனி மிகுதி. இன்னுமொன்று: சீனிக்குப் பதிலாக ஆலையிற் செய்த செயற்கை இனிப்புக்களை உண்டு உடல் இளைக்கலாம் என்று கருதுவோர் உளர். உடல் நிறையைக் கட்டுப்படுத்துதற்கு இவற்றைக் கைக்கொள்ள வேண்டாம் என உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. இவ்வறிவுறுத்தல் முன்னரே நீரிழிவு உள்ளோரைக் குறித்ததன்று. அவர்கள் தம் வைத்தியரைக் கேட்டு நடத்தல் வேண்டும். நாவை இனிப்பிலிருந்து பழக்கி விடுவிப்பதே யாவர்க்கும் சிறந்த வழி.

கித்துள் மரம்

சப்பிரகமுவ மக்களுக்கு இயற்கை தந்த இனிப்பு கித்துள் மரத்திற் கிடைக்கின்றது. தமிழிற் கூந்தற்பனை எனப்படும் இம்மரம், மழை மிகுந்த ஈரவலயத்தின் காட்டோரங்களிலும், வீட்டுத் தோட்டங்களிலும், தேயிலை நிலங்களின் எல்லைகளிலும் தானே முளைத்து வளர்வது. சிங்கராசவனத்தை அடுத்த கிராமங்களில் இது பலருடைய சீவனோபாயம்.

கித்துள் ஏறத்தாழப் பத்து முதல் பதினைந்து ஆண்டு வளர்ந்த பின்னரே பூக்கும். முதற்பாளை உச்சியில் தோன்றும். பின்னர் ஒன்றன்பின் ஒன்றாய்க் கீழ்நோக்கித் தோன்றும். அடிப்பாளையும் முடிந்தால் மரம் பட்டுப்போம். பாளையைப் பதப்படுத்திச் சீவினால் இனிய பதநீர் ஊறும். காலையும் மாலையும் சீவி இறக்குதல் வழக்கம்.

பதநீர் விரைவிற் புளித்துக் கள்ளாகும் இயல்புடையது. ஆதலின் முட்டியைக் கழுவிப் புகையூட்டிச் சுத்தமாய் வைத்தல் வேண்டும். புளிப்பைத் தடுக்க ஹல் மரப் பட்டையையோ சிறிது சுண்ணாம்பையோ முட்டியில் இடுவர். இறக்கிய அன்றே வடிகட்டிக் காய்ச்சுதல் வேண்டும். ஏறத்தாழ எட்டுப் போத்தல் பதநீரைக் காய்ச்சினால் ஒரு போத்தல் பாணி கிடைக்கும். மேலும் இறுகக் காய்ச்சிச் சிரட்டையில் வார்த்தால் கருப்பட்டி ஆகும். இத்தனை விறகும் உழைப்பும் செலவாவதால் நல்ல பாணி மலிவாய்க் கிடைப்பதரிது என்பது தெளிவாகும்.

மரம் ஏறும் தொழில் ஆபத்துடையது. ஏறுதற்குக் கட்டும் மூங்கிலும் கயிறும் மழையில் உளுத்துப்போம். ஒவ்வொரு பருவத்திலும் பழைய கட்டுக்களை நீக்கிப் புதுக்கட்டுக்களைக் கட்டுதலும், மழை நனைந்த மரத்தில் அவசரமாய் ஏறாதிருத்தலும், இடுப்பிற் பாதுகாப்புக் கயிறு கட்டுதலும் இன்றியமையாதன. வீழ்ந்த ஒருவரின் குடும்பம் படும் துன்பத்தை ஒரு போத்தல் பாணி ஈடு செய்யாது.

கருப்பட்டி மருந்தன்று

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் அவசியம். கித்துள் கருப்பட்டியும், பனங்கட்டியும், வெல்லமும், தேனும் “இயற்கையானவை, எவ்வளவும் உண்ணலாம்” என்று சிலர் சொல்வர். இது சரியன்று. கருப்பட்டியிற் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே இனிப்புப் பொருளே. பொற்றாசியம் முதலிய உப்புச் சத்துக்கள் சிறிது எஞ்சியிருப்பினும், இரும்புச் சத்திற்காகக் கருப்பட்டியை நம்புவோர் மிகுதியாய் உண்ண நேரும். அதனாற் கேடே விளையும். அச்சத்தைக் கீரையும் பயறும் மீனும் தரும். உலக சுகாதார நிறுவனமும் தேனையும் பாகையும் சேர்க்கப்பட்ட இனிப்பாகவே கணக்கிடுகின்றது. நீரிழிவு உள்ளோர் கித்துள் பாணியையும் சீனியைப் போலவே எண்ணி நடத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் கருப்பட்டியின் நன்மை யாது? அதன் மணமும் சுவையும் செறிவானவை. சிறு துண்டே நாவை நிறைவிக்கும். கடித்துக்கொண்டு பருகும்போது அளவு கண்ணுக்குத் தெரியும். சீனிக்குச் செல்லும் காசு கடல் கடந்து செல்ல, கருப்பட்டிக்குச் செல்லும் காசு அயல்வீட்டாரிடமே தங்கும்.

கலப்படம்

சந்தையில் விற்கும் பாணியிலும் கருப்பட்டியிலும் சீனியைக் காய்ச்சிக் கலந்தவை பல உள்ளன. சீனியை விலக்க எண்ணிக் கூடுதல் விலை கொடுப்பவர், சீனியையே வாங்கி ஏமாறுகின்றார். நிறத்தைக் கொண்டோ மணத்தைக் கொண்டோ வீட்டில் இதனை உறுதியாய்க் கண்டறிதல் அரிது. ஆதலின் அறிமுகமான சீவுவோரிடம், அடுப்படியிற் காய்ச்சும் இடத்திலேயே வாங்குதல் நன்று. விலை மிகக் குறைவாயின் ஐயுறுதல் வேண்டும். கலப்படம் செய்யும் சீவுவோர் இன்று சிறிது இலாபம் பெறலாம். ஆயின் ஊரின் கித்துளுக்கு உள்ள நற்பெயர் கெட்டால், நேர்மையாய்க் காய்ச்சுவோர் யாவரும் விலை இழப்பர்.

கித்துள் கன்று நடுதல்

பாளை சீவிய மரத்தில் அப்பாளை காய்ப்பதில்லை. நல்ல பதநீர் தரும் மரங்களின் பாளைகள் யாவும் சீவப்பட்டால், அம்மரங்களின் வித்து அற்றுப்போம். எஞ்சுவது சீவுதற்கு உதவாத மரங்களின் வித்தே. ஆதலின் சிறந்த மரத்தில் ஒரு பாளையையாவது சீவாது காய்க்க விடுதல் வேண்டும். இதுவே வருங்காலத்திற்கு விடும் விதைநெல்.

பழத்தின் சதை தோலிற் பட்டால் அரிப்பு உண்டாகும். கையுறையோ துணியோ சுற்றிச் சதையை நீக்கிக் கழுவுதல் வேண்டும். வித்து முளைக்கச் சில மாதங்கள் செல்லும். ஈரம் உலராது நிழலில் நாற்று மேடையில் இடுதல் நன்று. மரநாய் பழத்தை உண்டு கழித்த வித்துக்கள் தோட்டத்தில் ஆங்காங்கே முளைத்திருக்கும். களை பிடுங்கும்போது இக்கன்றுகளை வெட்டாது அடையாளமிட்டுக் காத்தலே எளிய முறை. மழை தொடங்கும் காலத்தில் வேலியோரத்திலும், வாய்க்கால் ஓரத்திலும், சரிவான நிலத்திலும் நடலாம். வயலின் நடுவே நிழல் விழும் இடத்தில் நடலாகாது. நடுபவர் பத்தாண்டுக்கு மேல் காத்திருத்தல் வேண்டும். பலன் பெறுபவர் பெரும்பாலும் அவர் பிள்ளைகளே.

வீட்டில் இனிப்பைக் குறைக்கும் முறை

1. தேநீரில் இடும் சீனியை ஒரே நாளில் நிறுத்த முயன்றால் பலர் மீண்டும் பழைய வழிக்கே திரும்புவர். இரு வாரத்திற்கு ஒருமுறை அரைக் கரண்டி வீதம் குறைத்தல் வேண்டும். சில மாதங்களில் நாக்குப் பழகிவிடும்.

2. சீனிப் போத்தலைத் தேநீர் மேசையிலிருந்து அகற்றுதல் வேண்டும். கருப்பட்டி கொடுப்பதாயின் ஆளுக்கு ஒரு சிறு துண்டு அளந்து கொடுத்தல் நன்று.

3. வீட்டுத் தோட்டத்து வாழைப்பழம், பப்பாசி, பலாப்பழம், அன்னாசி ஆகியவற்றைச் சாறாகப் பிழியாது முழுப்பழமாய் உண்ணுதல் வேண்டும். முழுப்பழத்தில் உள்ள நார் இனிப்பு விரைவில் இரத்தத்திற் சேர்வதைத் தடுக்கும்.

4. பிள்ளைகளின் பாடசாலைப் பொதியில் பிஸ்கற்றுக்குப் பதிலாக அவித்த வற்றாளங் கிழங்கு, பயறு, சோளம் ஆகியவற்றை வைக்கலாம். பூசணியும் வற்றாளையும் தம்மிலேயே இனிப்புடையன. சீனி சேர்க்க வேண்டியதில்லை.

5. ஒரு வயது நிறையாத குழந்தைக்குச் சீனி, கருப்பட்டி, தேன் ஆகிய எதனையும் கொடுக்கலாகாது. தேன் அவ்வயதில் ஆபத்தும் விளைவிக்கக் கூடும்.

6. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இனிப்புச் செய்வது மரபு. அதனை விலக்க வேண்டியதில்லை. ஆண்டிற் சில நாள் உண்ணும் இனிப்பு கேடு செய்யாது. நாள்தோறும் கலக்கும் இனிப்பே கேடு செய்யும்.

7. நீரிழிவிற்கு ஊசியோ மாத்திரையோ எடுப்போர்க்குத் திடீரென வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் உண்டானால், அது இரத்தத்தில் வெல்லம் தாழ்ந்ததன் குறியாகலாம். அவ்வேளையில் உடனே சீனி கொடுத்தல் வேண்டும். வயிற்றோட்டத்திற்குக் கொடுக்கும் ஜீவனி முதலிய கரைசலையும் நிறுத்தலாகாது.

தோட்டத்து வாழைக்குலையையும் பப்பாசியையும் சந்தையில் விற்று, அக்காசிற் சீனியும் பிஸ்கற்றும் வாங்கி வரும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. விற்பது நல்லுணவு; வாங்குவது வெறும் இனிப்பு. குலையில் ஒரு சீப்பை வீட்டிற்கு நிறுத்திக்கொள்ளும் கமக்காரர் நட்டம் அடைவதில்லை. கரண்டியைக் குறைத்து, கருப்பட்டியை அளந்து, வேலியோரத்தில் ஒரு கித்துள் கன்றைக் காத்து நிற்கும் குடும்பத்திற்கு உடல்நலமும் சேரும், கைப்பொருளும் மிஞ்சும்.